கேம் புதுசு, டேப்பட் பழசா?

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியா, நானுஓயாப் பக்கத்துக் கராஜ்களில் பழைய மினி கார்களின் எஞ்சின் கழற்றப்படும். மாகாஸ்தோட்டை, ரதல்ல மலையேற்றப் போட்டிகளுக்குத்தான். 'ரேஸ் கேம்' (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட், பந்தயத்துக்கென வெட்டியது) வாங்கக் காசு தண்ணீராய்ப் போகும். மிச்சம் பிடிப்பது, கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் டேப்பட்டில். கஞ்சத்தனம் காட்டவே கூடாத இடம் அது.

மினியில் இருப்பது தட்டை டேப்பட். பெயர்தான் தட்டை, முகத்தின் நடு மயிரளவு புடைத்திருக்கும். கேம் லோபும் (டேப்பட்டைத் தள்ளும் மேடு) பொதுவாக லேசான சரிவோடு இருக்கும். இவை சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழலவைக்கின்றன. பழைய டேப்பட் பழைய லோபுக்கு ஏற்பத் தேய்ந்துபோனது. புதுக் கேமில் அது சுழலாமல் ஒரே இடத்தில் உரசி, லோபையே தின்றுவிடும். இரும்புத்தூள் ஒயிலோடு கலந்து பெயரிங் வரை போகும்.

ஒரு டேப்பட்டின் பக்கவாட்டை இன்னொன்றின் முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்லதென்றால் இரு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். நடுவில் கசிந்தால் தூக்கிப் போடுங்கள், பேரம் பேச வேண்டாம். பழைய கேமையே திரும்பப் பூட்டுவதானால் எந்த டேப்பட் எந்த லோபில் இருந்தது என்று கழற்றும்போதே இலக்கம் போட்டு வையுங்கள்.

வகை மாற்றிப் பூட்டுவதும் நடக்கிறது. ரோலர் லிஃப்டருக்கு (உருளை பொருத்திய டேப்பட்) வெட்டிய லோபின் வடிவமே வேறு. தட்டை டேப்பட் அதில் ஓடாது. ஒயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட்டுக்கும், அப்படிச் செய்யாத சொலிட் டேப்பட்டுக்கும் அப்படித்தான். டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: லிஃப்ட் (வால்வைத் திறக்கும் உயரம்) அதிகமான கேம் போட்டால் பக்கெட்டின் (கிண்ண வடிவ டேப்பட்) மேல் உட்கார்ந்திருக்கும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) தெறித்துவிடலாம். ஷிம் பக்கெட்டுக்கு அடியில் இருக்கும் வகைக்கு மாறத்தான் வேண்டும்.

தட்டை டேப்பட்டுக்கு முதல் ஸ்டார்ட் முக்கியம். லோபுக்குக் கேம் லூப் (கேமுக்கான மசகுப் பசை) பூசி, ஸ்டார்ட் ஆனவுடன் 2,000–2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அந்த வேகத்தில் லோபுக்கு ஒயில் போதுமான அளவு தெறிக்காது. ஒயிலும் சிங்க், பொஸ்பரஸ் கூடுதலாக உள்ளதாக இருக்கட்டும். இன்றைய கார் ஒயில்கள் பலவற்றில் அவை குறைவு.

கடைசியாக, கேமின் அளவு. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கால அளவு) நீண்ட கேமில் இன்லெட் வால்வு பிந்தி மூடுவதால், குறைந்த ஆர்பிஎம்மில் சிலிண்டர் அழுத்தம் இன்னும் விழும். கொண்டை ஊசி வளைவில் இருந்து வண்டி இழுக்காமல் நிற்க அதுவே போதும். ஒரு படி சிறிய கேமை எடுத்து, மிஞ்சும் காசில் அதற்கேற்ற டேப்பட்டும் ஸ்பிரிங்கும் வாங்குங்கள்.