உள்ளாட்சித் திட்டத்துக்குச் சூழல் மதிப்பீடு: குறிக்கோளும் சுட்டியும் அமைக்கும் முறை

இங்கிலாந்தில் ஓர் உள்ளாட்சி மன்றம் எங்கே வீடு, எங்கே சாலை என்று நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீட்டினால், 2004ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குச் சூழல் மதிப்பீடும், அதாவது திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன விளையும் என்ற ஆய்வும், வேண்டும். முதல்முறை அதில் கை வைப்பவர்களுக்கான குறிப்பு இது. வேலைக்கு ஒரு விரிதாளும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் போதும். விலை கொடுத்து வாங்கும் மதிப்பீட்டு மென்பொருள்கள் இந்தக் கட்டத்தில் வீண்.

படி 1. விதிகள் சொல்லும் தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள்: பல்லுயிர், மக்கள், உடல்நலம், விலங்குகள், தாவரங்கள், மண், நீர், காற்று, தட்பவெப்பம், பொருட்சொத்துகள், பண்பாட்டு மரபு, நிலத்தோற்றம். எதையாவது விட்டால் காரணத்தை அதே வரியில் குறியுங்கள்.

படி 2. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு குறிக்கோள். ‘5,000 வீடுகள் கட்டுதல்’ திட்டத்தின் குறிக்கோள். அது இங்கே வரக் கூடாது. ‘ஆறுகளில் பாஸ்பரஸ் சேர்வதைக் குறைத்தல்’ என்பதுபோல எது, எந்தத் திசையில் என்று தெரிய வேண்டும். குறிக்கோள்கள் 15க்கு மேல் போனால் அட்டவணையை யாரும் படிக்கமாட்டார்கள்.

படி 3. சுட்டி, அதாவது குறிக்கோளை நோக்கி நகர்கிறோமா என்று காட்டும் அளவு. பெரும்பாலான மதிப்பீடுகள் சறுக்குவது இங்கேதான். ஆற்றுநீருக்கு ‘நல்ல வேதிநிலையில் உள்ள நீர்நிலைகளின் விழுக்காடு’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். இங்கிலாந்தின் மேற்பரப்பு நீர்நிலைகளில் 2016இல் 97% தேறின. 2019இல் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆறுகள் மூன்றாண்டில் அப்படிக் கெட்டுவிடவில்லை. பாதரசம், தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் போன்ற நீங்கா நச்சுகளை அளக்கும் முறை மாறியது. உங்கள் திட்டம் நன்மை செய்தாலும் தீமை செய்தாலும் அந்த எண் அசையாது.

உயிரினங்கள், நீர்த்தரம் போன்ற கூறுகளைச் சேர்த்து ஆற்றுக்குத் தரும் ‘சூழலியல் நிலை’யிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு. பல கூறுகளில் மிக மோசமானதுதான் மொத்தத் தரத்தை முடிவுசெய்யும். பாஸ்பேட் குறைந்தாலும் மீன்கள் தேறாவிட்டால் தரம் ஏறாது. எனவே மொத்தத் தரத்தை விட்டு, ஒரு தனிக் கூறை மட்டும் நேரடியாக அளவாக எடுங்கள்: கழிவுநீர் நிலையத்துக்குக் கீழே, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ்.

எந்தச் சுட்டியையும் மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள். திட்டத்தால் இது அசையுமா? யாராவது ஏற்கெனவே அளக்கிறார்களா, எந்தப் பரப்பில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? வெள்ளத்துக்கு, அரசு அமைப்பான சுற்றுச்சூழல் முகமையின் ஆட்சேபத்தை மீறி அனுமதித்த கட்டுமானங்களின் எண்ணிக்கை மூன்றிலும் தேறும்.

காற்றுக்கு, மன்றங்கள் சாலையோரம் மாட்டும், நைட்ரஜன் டையாக்சைடை அளக்கும் சிறு குழாய்களின் ஆண்டுச் சராசரி நல்ல தேர்வு. ஆனால் பிழை திருத்திய எண்ணை எடுங்கள். குழாய்களின் இடம் மாறியிருந்தால் அந்த இடங்களை ஒப்பீட்டிலிருந்து நீக்குங்கள். இலக்கு எது என்பதையும் எழுதுங்கள்: சட்ட வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி 10. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

படி 4. குறிக்கோள்களைக் கட்டங்களில் இட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மோதுவனவற்றை மறைக்காமல் குறியுங்கள். பிறகு அட்டவணையை நேச்சுரல் இங்கிலாந்து (இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு), சுற்றுச்சூழல் முகமை, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து (பண்பாட்டு மரபுக்கான அமைப்பு) மூன்றுக்கும் அனுப்புங்கள். பதில் தர அவற்றுக்கு 5 வாரம்.

பின்சேர்க்கை: ‘சுட்டி மோசமானால் என்ன செய்வது?’ என்று கேட்கிறார்கள். எதிர்பாராத தீங்கைத் தொடக்கத்திலேயே கண்டறிவதுதான் கண்காணிப்பின் சட்டப்படியான நோக்கம். ஆகவே ஒவ்வொரு சுட்டிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் கூட்டுங்கள்: எந்த அளவைத் தாண்டினால், யார் என்ன செய்வார். பாஸ்பரஸ் இரண்டு ஆண்டு தொடர்ந்து ஏறினால், அந்த வடிநிலத்தில் (அந்த ஆற்றுக்கு நீர் வடியும் பகுதியில்) அடுத்த கட்ட வீட்டுமனைகளுக்கு முன் கழிவுநீர் நிலைய மேம்பாட்டை மன்றம் கேட்க வேண்டும் என்பதுபோல.