செத்துப்போன ஹெட்போனைப் பிரித்துக் கட்டுவது எப்படி?

ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்து வீடுகளில் சுவரே வேர்க்கும். அப்படியொரு நாளில் அலமாரியில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டினேன். கழற்றியபோது இரண்டு காதிலும் மை பூசியதுபோல் கருப்பு. இயர்பேடின் மேல்தோல் பொடிப்பொடியாக உரிந்து ஒட்டியிருந்தது. அது தோல் இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் அது சிதைந்துவிடும். ஆற்றுப்பாசன ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமா!

போதாக்குறைக்கு ஒரு பக்கம் பாட்டும் வரவில்லை. தூக்கிப் போடுமுன் பிரித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது இன்று பொழுதுபோக்காகிவிட்டது. நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதை முடித்ததும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. இதை மீறிய ஒவ்வொரு முறையும் நான் மாட்டிக்கொண்டேன்.

எதை எடுப்பது

ஒயர் வைத்த, காதை மூடும் பெரிய ஹெட்போனாக எடுங்கள். ப்ளூடூத் வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும், ஸ்க்ரூடிரைவர் குத்தினால் தீப்பிடிக்கும். காதுக்குள் செருகும் இயர்போனும் வேண்டாம். கண் வலிக்கும்.

தேவையானவை: 25 வாட் சோல்டரிங் அயன், 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்), ரோசின் பேஸ்ட், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 3.5 மிமீ ஸ்டீரியோ பின் ஒன்று, சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கொஞ்சம். எல்லாமே செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும்.

சமையலறை மேடையில் ஈயம் உருக்கினால் வீட்டில் திட்டு விழும். 1910-இல் அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைத்தான் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. 60/40 ஈயத்தில் நிஜமாகவே காரீயம் இருக்கிறது, அம்மா சொன்னதுதான் சரி. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய மேசை போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 1: பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். சத்தம் வரவில்லை என்றதும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். நான் பிரித்தவற்றில் பெரும்பாலானவை ஒயர் அறுந்தவை. அதுவும் பின்னை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்குள்.

பின்னைப் பாருங்கள். இரண்டு கருப்பு வளையங்கள் அதை மூன்று பாகமாகப் பிரித்திருக்கும். நுனி இடது காது, நடு வலது காது, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான எர்த். மூன்று வளையம் இருந்தால் மைக் வைத்த மாடல். இன்றைய செல்போன்களுக்கான பின்னில் நுனியிலிருந்து இடது, வலது, எர்த், மைக் என்ற வரிசை இருக்கும்.

மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். உங்கள் ஹெட்போன் 32 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நுனிக்கும் எர்த்துக்கும் நடுவே 32-க்குப் பக்கத்தில் ஒரு எண் வரவேண்டும். நடுப்பாகத்துக்கும் எர்த்துக்கும் அதேபோல். நுனிக்கும் நடுப்பாகத்துக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 64, ஏனென்றால் இரண்டு ஸ்பீக்கரும் வரிசையாக வருகின்றன. மீட்டர் ஒயரின் முனையை வைக்கும்போது காதில் லேசாக ‘டொக்’ என்று கேட்டால் அந்த ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

இப்போது வேடிக்கையான ஒரு நோய். முதல் இரண்டு அளவும் வரவில்லை, மூன்றாவது மட்டும் 64 காட்டுகிறது. அப்படியென்றால் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. இந்த நிலையில் சினிமாப் பாட்டுப் போட்டால் வயலினும் கோரஸும் வரும், பாடுகிறவர் மட்டும் காணாமல் போய்விடுவார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பதிவானது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். முதல் தடவை இது புரியாமல் எங்கள் தெரு மைக்செட் அண்ணனிடம் போய் நின்றேன். கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “பாட்டு வருது, பாடுறவரு வரலைன்னா ஸ்பீக்கரைத் தொடாதீங்க தம்பி. எர்த்தைப் பாருங்க” என்றார், அவ்வளவுதான்.

பின் பக்கத்தில் ஒயரை மெதுவாக வளைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் அறுபட்ட இடம் அதுதான்.

படி 2: ஒயரைச் சீவுவது, ஈயம் ஏற்றுவது

பின்னிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வெட்டிவிடுங்கள். உடனே புதுப் பின்னின் மூடியையும் ஒரு துண்டு ஸ்லீவையும் ஒயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு கோக்க முடியாது. இதை எழுதுகிற நானே மூன்று முறை மறந்து, எல்லாவற்றையும் மறுபடி உருக்கியிருக்கிறேன்.

மேல் ரப்பரைச் சீவினால் சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் மெல்லிய இழைகள் தெரியும். பல மாடல்களில் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் எர்த். நம்பிவிடாதீர்கள், மீட்டரில் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த நிறம் சாயமில்லை, எனாமல் பூச்சு. அது இருக்கும்வரை ஈயம் ஒட்டாது, மின்சாரமும் கடக்காது. நடுவில் ஓடும் நூல் இழைகளையும் வெட்டிவிட வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாத்திரத்தைத் தேய்த்து, அடுப்பில் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, அப்புறம்தான் ஈயத்தைப் பஞ்சால் இழுப்பார்கள். அழுக்கிருந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. இங்கே நவச்சாரத்தின் வேலையை ரோசின் பேஸ்ட் செய்கிறது. அதற்காக நவச்சாரத்தையோ தகரம் பற்றவைக்கும் ஆசிட்டையோ எடுத்துவிடாதீர்கள். மிச்சம் தங்கி, நம் ஊர் ஈரத்தில் மெல்லிய செம்பைப் பச்சையாக அரித்துவிடும்.

இழை நுனியை ரோசினில் தொட்டு, அயன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அந்தச் சொட்டுக்குள் நுனியைச் சில நொடி வைத்திருங்கள். எனாமல் கருகிப் புகைந்து விலகும், நுனி வெள்ளிபோல் பளபளக்கும். பளபளக்காத நுனியைப் பின்னில் வைக்காதீர்கள். இந்த நேரத்தில் ஃபேன் ஓடக்கூடாது. காற்றில் அயன் ஆறிப்போய் பற்று மங்கலாக, வலுவில்லாமல் நிற்கும்.

பின்னில் வைத்ததும் மறுபடி மூன்று அளவும் எடுங்கள். பாட்டுப் போட்டுக் கேளுங்கள். மூடியை அதற்கப்புறம்தான் திருக வேண்டும்.

படி 3: ஸ்பீக்கர் பக்கம்

பின் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் இயர்பேடைச் சுற்றிலும் இழுத்துக் கழற்றுங்கள். பெரும்பாலும் அடியில் மூன்று, நான்கு ஸ்க்ரூ இருக்கும். உள்ளே 40 மிமீ அளவில் ஒரு ஸ்பீக்கர், நடுவில் காந்தம், முன்னால் வெங்காயச் சருகு போன்ற சவ்வு.

அயன் முனையின் மேல்பூச்சு இரும்பு. அதனால் காந்தம் அதையும் இழுக்கும், ஸ்க்ரூடிரைவரையும் இழுக்கும். அப்படி இழுபட்ட ஸ்க்ரூடிரைவரால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றின் சவ்வைக் குத்திக் கிழித்தவன் நான். அன்றிலிருந்து முதல் வேலையாகச் சவ்வின்மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்துவிடுகிறேன். பின்பக்கப் பற்றில் அயனை இரண்டு நொடிக்குமேல் வைக்காதீர்கள். அங்கிருந்து போகும் காயில் கம்பி தலைமயிரைவிட மெல்லியது.

இரண்டு ஸ்பீக்கரிலும் எந்த முனையில் எர்த் இருந்தது என்று பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மாறிவிட்டால் ஒரு சவ்வு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ், அதாவது அடித்தொனி, மெலிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி உண்டு. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தவர். அவருடைய பழைய இசைத்தட்டுகள் எல்லாம் மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் வரும். அவருடைய தோடி ராகத்தைப் போட்டால் நாயனம் உங்கள் மண்டைக்கு நடுவில் நிற்கவேண்டும். நடுவில் இல்லாமல் இரண்டு காதுக்கும் வெளியே கிழிந்து தொங்கினால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மீண்டும் அந்த எர்த் ஒயர்தான்.

படி 4: பேட் மாற்றுவது

விட்டம் அளந்து வாங்கி மாட்டவேண்டியதுதான். ஆனால் பேட் வெறும் மெத்தை இல்லை. ரெக்சின் பேட் காற்றை அடைத்து நிறுத்தும், பேஸ் நிற்கும், காது புழுங்கும். துணி பேட் காற்றைக் கசியவிடும், பேஸ் இறங்கும், சித்திரை வெயிலிலும் மாட்டியிருக்கலாம். பழைய வேட்டித் துணியில் உறை தைத்து ரெக்சினின்மேல் போடலாம் என்பார்கள். போட்டுப் பார்த்தேன். வியர்வைக்கு நல்லது, தவிலில் தொப்பி (குச்சியால் அடிக்கும் பக்கம்) அடி பாதியாகிவிட்டது. எனக்குத் தவில் முக்கியம், உறையைக் கழற்றிவிட்டேன்.

படி 5: சத்தத்தைத் திருத்துவது

மேலே உள்ளதெல்லாம் முடிந்து ஒரு வாரம் கேட்டபிறகு இதற்கு வாருங்கள். ஸ்பீக்கரை மாற்றாமல் அதைச் சுற்றியுள்ள காற்றை மாற்றுவதுதான் இந்தக் கலை.

பாட்டு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் கப்பின் பின்பக்கம் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். உள்ளே எதிரொலிப்பது குறையும். வீட்டுத் தலையணையில் இருக்கும் இலவம்பஞ்சு நல்லது, பருத்திபோல் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் பறக்கும், எனவே மெல்லிய துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஸ்பீக்கரின் பின்துளைகளை அடைக்கக்கூடாது.

நாயனத்தின் மேல்ஸ்தாயி காதைக் குத்தினால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே டிஷ்யூ பேப்பர் ஒரு அடுக்கு. சிரிக்காதீர்கள், யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர்மேல் டிஷ்யூ ஒட்டி வேலைபார்த்த ரெக்கார்டிங் ஸ்டுடியோக்கள் உண்டு.

கப்பின் வெளிப்புறம் சின்னத் துளை இருந்தால் இன்சுலேஷன் டேப்பால் மூடித் திறந்து கேளுங்கள். பேஸ் மாறும், எப்படி மாறும் என்பது மாடலைப் பொறுத்தது.

ஒவ்வொன்றையும் முதலில் ஒரு பக்கம் மட்டும் செய்து, மோனோ பதிவைப் போட்டு, இரண்டு காதையும் ஒப்பிடுங்கள். தவிலின் வலந்தலைச் (விரல்களால் வாசிக்கும் பக்கம்) சொற்கள் தனித்தனியாகவும், தொப்பியின் குச்சி அடி தொளதொளக்காமலும் விழுகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தையும் அதுபோலவே செய்யுங்கள். எந்தக் கப்பில் என்ன வைத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே ஒட்டிவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

கேட்டு முடித்ததும் ஆணியில் தொங்கவிடாமல், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். என் புது பேட் இதுவரை இரண்டு ஐப்பசி தாண்டிவிட்டது.