பீட்டா ஏற்பியை அடக்கும் நொதி: ஒரு தாளில் வரைந்து புரிந்துகொள்வோம்

நலிந்துபோன இதயத்துக்கு, அதன் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கரை (பீட்டா ஏற்பியை மறிக்கும் மருந்தை) ஏன் கொடுக்கிறார்கள்? மருந்தியல் படிக்கத் தொடங்கும் பலரையும் குழப்பும் கேள்வி இது. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இதயத் தசைச் செல்லின் சவ்வை ஒரு கோடாகப் போடுங்கள். அதில் பீட்டா ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம். இதயத்தைத் தூண்டும் நரம்பு வேதிப்பொருளான நார்அட்ரினலின் வந்து ஒட்டுகிறது. உள்ளே, சமிக்ஞையைக் கடத்தும் ஜி புரதம் இரண்டாகப் பிரிகிறது: ஆல்பா ஒரு பக்கம், பீட்டா-காமா ஜோடி மறுபக்கம். ஆல்பா போய் சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறைக் கூட்டுகிறது, கால்சியம் பாய்கிறது, துடிப்பு வலுக்கிறது.

படி 2: பெரும்பாலான பாடக்குறிப்புகள் ஆல்பாவோடு நின்றுவிடும். நீங்கள் பீட்டா-காமாவைக் கவனியுங்கள். சவ்விலேயே தங்கும் அந்த ஜோடிதான், செல்லுக்குள் மிதக்கும் பீட்டா அட்ரினர்ஜிக் ஏற்பி கைனேஸ் என்னும் நொதியை அங்கே இழுத்து வருகிறது. இன்றைய பெயர் ஜிஆர்கே2. ஆக, ஏற்பியை அடக்கப்போகும் நொதியை அதே ஏற்பியின் சமிக்ஞையே வரவழைக்கிறது. எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 3: நொதி, தூண்டப்பட்ட ஏற்பியின் உள்வாலில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அங்கே பீட்டா அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஒட்டி, ஜி புரதத்தை நெருங்கவிடாமல் தடுக்கிறது. பிறகு ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. சில ஏற்பிகள் பாஸ்பேட் நீங்கித் திரும்பும், சில சிதைக்கப்படும்.

படி 4: இப்போது நோயை வரையுங்கள். இதயச் செயலிழப்பில் நார்அட்ரினலின் மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். சற்று நேரத்துக்கு இதயத்தைக் காத்த தடை, நிரந்தரமாகிவிடுகிறது. 1982இல் மைக்கேல் பிரிஸ்டோ குழு, செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. 1993இல், அத்தகைய இதயங்களில் ஜிஆர்கே2 கூடியிருப்பதும் தெரியவந்தது. ஓடவோ மாடியேறவோ வேண்டிய நேரத்தில் இதயத்தால் வேகமெடுக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நொதி கூடியது இதயம் நலிவதற்குக் காரணமா, அதன் விளைவா? 1995இல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், வால்டர் காக் குழு எலிகளில் சோதித்தது. நொதியைக் கூட்டிய எலிகளில் இதயத்தின் சுருக்கத்திறன் தூண்டலுக்குச் சரியாக எழவில்லை. பீட்டா-காமாவை முந்திப் பிடித்து நொதியைச் சவ்வுக்கு வரவிடாத ஒரு துண்டுப் புரதத்தைச் சேர்த்த எலிகளில் சுருக்கத்திறன் கூடியது. படி 2ஐ அழுத்தி வரையச் சொன்னது இதற்காகத்தான்.

படி 5: ஏற்பியின் மேல் பீட்டா பிளாக்கரை வையுங்கள். ஓயாத தூண்டல் நிற்கிறது, நொதிக்கான அழைப்பும் குறைகிறது. மெட்டோபிரோலால் என்னும் பீட்டா பிளாக்கரை எடுத்த நோயாளிகளில் ஏற்பிகள் மீண்டும் பெருகியதைக் கண்டிருக்கிறார்கள். கார்வெடிலால் என்னும் இன்னொரு பீட்டா பிளாக்கரில் அப்படிப் பெருகுவதில்லை, ஆனாலும் அது உயிர் காக்கிறது. எனவே ஏற்பியின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முழுக்கதையையும் சொல்லிவிடாதீர்கள்.

மருந்தின் அளவும் இந்தப் படத்தை ஒட்டியதே. நலிந்த இதயம் அந்தத் தூண்டலை நம்பியே நிற்பதால், சட்டென்று முழு அளவில் தடுத்தால் நிலை மோசமாகும். அதனால்தான் கார்வெடிலாலை 3.125 மில்லிகிராமில் தொடங்கி, நோயாளி தாங்கினால் இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் மருத்துவர் இரட்டிப்பாக்குகிறார்.