வலைப்பூ தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வலைப்பூ தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த டெம்ப்ளேட் (பக்க வடிவமைப்பு) நன்றாக இருக்கும் என்பதைத்தான். அடுத்து, விளம்பரம் எப்போது போடலாம் என்பார்கள். பதிவுகளின் முகவரி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். பழைய பதிவர்கள் சூடுபட்ட அதே இடத்தில்தான் இன்று வருகிறவர்களும் கையை வைக்கிறார்கள். எழுத்துப்பிழை கூடாது, அடுத்தவர் எழுத்தைத் திருடக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

முகவரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

இலவச முகவரியில் எழுதிப் பழகுவதில் தவறில்லை. அதிலேயே மூன்று ஆண்டு ஓட்டி, இருநூறு பதிவு சேர்ந்த பிறகு சொந்த டொமைனுக்கு, அதாவது பணம் கொடுத்து நாமே பதிவுசெய்யும் இணையப் பெயருக்கு, குடிபோவதுதான் வினை. அதற்குள் மற்றவர்கள் கொடுத்த சுட்டிகள், தேடுபொறியில் கிடைத்த இடம், வாசகர்கள் குறித்துவைத்த பக்கங்கள் எல்லாம் பழைய முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேவையே மூடப்பட்டால் கேட்கவே வேண்டாம். போஸ்டரஸ் என்ற வலைப்பூச் சேவை 2013 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டபோது, எழுதியதை இறக்கிக்கொள்ள எல்லோருக்கும் அவகாசம் கிடைத்தது. ஆனால் சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள்தான் முகவரியையும் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது.

எனவே முதல் பதிவுக்கு முன்பே டொமைன் வாங்கிவிடுங்கள். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் சொந்த டொமைனை இணைத்தால் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை அது தானாகவே புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். இணைப்பதற்கென்று பிளாகர் தனியாகப் பணம் கேட்பதில்லை. இன்னொரு சேவையான வேர்ட்பிரஸ்.காமில் இதற்குக் கட்டணத் திட்டம் வேண்டும்.

டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். "நானே போட்டுத் தருகிறேன்" என்று தெரிந்தவர் ஒருவர் தன் கணக்கில் வாங்கிக்கொடுப்பார். இரண்டு ஆண்டு கழித்து அவர் எண் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சலும் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுப்பது இன்னொரு கூத்து: டொமைன் காலாவதியானால் அஞ்சலும் சேர்ந்தே படுத்துவிடும், எச்சரிக்கை எங்கே வந்து சேரும்? டாட் காம் போன்றவற்றில் காலாவதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் உண்டு. அது எத்தனை நாள் என்பது விற்பவரைப் பொறுத்தது. பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதத்தோடுதான் மீட்க முடியும். அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி எரிச்சலூட்டும் பகுதி. டொமைன் வாங்கியவர்களும் பதிவின் முகவரியில் கோட்டை விடுகிறார்கள். வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் அந்தத் தமிழிலேயே அமையும். பார்க்க அழகுதான். உள்ளே நடப்பது வேறு. தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "வலைப்பூ எழுதுவது எப்படி" என்ற மூன்றே சொல்லை எண்ணிப் பாருங்கள்: 7, 8, 6 என்று மொத்தம் 21 குறிகள். ஒன்பதால் பெருக்கினால் 189, நடுவில் இரண்டு இணைப்புக்கோடு, மொத்தம் 191. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குக் கொடுக்கும் எல்லை 200. நான்காவது சொல் வந்தால் பாதியில் வெட்டுப்படும். வெட்டுப்படாவிட்டாலும், நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள்தான் போய்ச் சேரும். என்ன சுட்டி என்றே தெரியாமல் யார் அழுத்துவார்கள்?

பிளாகர் நேர் எதிர். தமிழ் எழுத்துகளை முழுக்கக் கழித்துவிட்டு, எல்லாப் பதிவுக்கும் "பிளாக் போஸ்ட்" என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் ஒட்டிவிடும்.

இரண்டிலும் தீர்வு ஒன்றே. வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தைத் திறந்து, மூன்று நான்கு சொல்லில் ரோமன் எழுத்தில் நீங்களே தட்டுங்கள். வேர்ட்பிரஸ் முகவரி அமைப்பில் தேதி வேண்டாம். பகுப்பின் பெயரும் வேண்டாம், ஏனென்றால் நாளைக்குப் பகுப்பை மாற்றினால் முகவரியும் மாறும்.

வெளியிட்ட பிறகு கை வைக்காதீர்கள். வேர்ட்பிரஸில் ஒரு பதிவின் முகவரியை மட்டும் மாற்றினால் அது பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். எண்பது பதிவு போட்டபின் முகவரி அமைப்பு முறையையே மாற்றினால் அதை நம்ப முடியாது. தவிர்க்கவே முடியாவிட்டால், பழைய முகவரி ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி என்று விரிதாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தேடி வந்தவருக்கு முகப்பில் என்ன வேலை? கூகுளும் அதைக் காணாமல்போன பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டு வையுங்கள், எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

எக்ஸ்எம்எல் கோப்பே முழுக் காப்பு என்று நம்புவது

பிளாகரும் வேர்ட்பிரஸும் ஏற்றுமதி செய்து தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. படம் இருக்கும் இடத்தின் சுட்டி மட்டுமே இருக்கும். மூலப் படங்களைப் பதிவுவாரியாகக் கோப்புறையில் தனியே வையுங்கள். பிறர் தளத்தில் படத்தை ஏற்றி அங்கிருந்து காட்டுவது இதைவிட மோசம். 2017-ல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் அப்படிக் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்டபோது, எத்தனையோ பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைதான் மிஞ்சியது.

கைப்பேசிப் படத்தை அப்படியே ஏற்றுவது

12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளி, சில எம்பி எடை. பதிவின் பத்தி அகலம் பெரும்பாலும் 700 புள்ளிக்கு அருகில்தான். அகலத்தை 1400-க்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80-ல் சேமித்தால் பெரும்பாலான படங்கள் சில நூறு கேபிக்குள் அடங்கும். இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். வீட்டு மாடியில் பூத்த செம்பருத்தியோடு வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்து போகலாம்.

தினம் ஒரு பதிவு என்று அறிவிப்பது

கைவிடப்பட்ட வலைப்பூக்களைத் திறந்து பாருங்கள். பலவற்றில் கடைசிப் பதிவு, "நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும், இனி தொடர்ந்து எழுதுவேன்" என்றிருக்கும். மன்னிப்பு கேட்டுப் பதிவு போடாதீர்கள், வாசகர் யாரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஐந்தாறு பதிவை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டை வெளியிட்டு மற்றவற்றை வாரம் ஒன்றாக விடுங்கள். கையிருப்பு இரண்டுக்குக் கீழே போனால், புதியது எழுதும்வரை எதையும் வெளியிடாதீர்கள்.

பழைய பதிவுகளில் பின்னூட்டத்தைக் கவனிக்காமல் விடுவது

குப்பை வந்து சேர்வது பெரும்பாலும் யாரும் பார்க்காத பழைய பதிவுகளில். பிளாகரில் 14 நாளுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் மட்டுறுத்தலை (நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பின்னூட்டம் வெளியாவதை) இயக்கினால் போதும்.

ஓடையில் பாதிப் பதிவை மட்டும் கொடுப்பது

முழுதாகக் கொடுங்கள். ஆர்எஸ்எஸ் ஓடையில், அதாவது புதிய பதிவுகளை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் வசதியில், படிப்பவர்தான் உங்களை விடாமல் படிப்பவர்.

தினமும் வருகைக் கணக்கைப் பார்ப்பது

மாதம் ஒருமுறை போதும்.

மாதம் ஒரு டெம்ப்ளேட்

வேண்டாம்.