கட்டுமரம் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்டில் சென்னை தினம் நெருங்கினால் கடற்சொற்களைப் பற்றிய கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வந்து குவியும். எழுதுவோர் புதியவர்கள், தவறுகள் எங்கள் தலைமுறை செய்த அதே பழைய தவறுகள். எழுத்துப்பிழைகளை மெய்ப்பில் பார்த்துக்கொள்ளலாம். மற்றவற்றைச் சொல்கிறேன்.

சொல் நம்முடையது, ஆகவே கலமும் நம்முடையது

‘கட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் கட்டுமரத்திலிருந்து போனதுதான். அதில் ஐயமில்லை. ஆனால் இன்று அந்தப் பெயர் குறிப்பது, இரண்டு உடற்பகுதிகளை மேலே தளம் போட்டு இணைத்த கலத்தை. நம் கட்டுமரத்துக்கு உடற்கூடே கிடையாது. இலேசான மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்தது அது. மேலே ஏறும் அலை இடுக்கு வழியாக வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயவைப்பார்கள். சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டேம்பியர், 1697இல் வெளியான தன் பயண நூலில், ஓட்டுபவனின் கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்று எழுதினார்.

இரட்டைக் கலங்களோ பசிபிக் தீவினர் தொன்றுதொட்டு ஓட்டியவை. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைக் கட்டிப் பந்தயத்தில் வென்றார். அவ்வகைப் படகுகளுக்கும் நம் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. போனது பெயர் மட்டும்.

ஒரு கண்காட்சிக்கான துண்டறிக்கையில் இரட்டை உடல் உல்லாசப் படகின் படத்தைப் போட்டு, ‘சங்ககாலத் தமிழரின் கட்டுமரம்’ என்று அச்சடித்துவிட்டார்கள். சென்னையின் மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் கட்டு எங்கே, மரம் எங்கே?” என்று கேட்டார். அத்தனை பிரதிகளும் எடைக்குப் போயின. மறு ஆண்டும் அதே வாசகம் வேறொருவர் கட்டுரையில் வந்தது!

நாவாயிலிருந்து நேவி

இல்லை. கடற்படையைக் குறிக்கும் ஆங்கில ‘நேவி’, கப்பலைக் குறிக்கும் நம் ‘நாவாய்’ என்ற சொல்லிலிருந்து வரவில்லை. அது இலத்தீன் ‘நாவிஸ்’ வழி வந்தது.

உண்மையான கடனை மறப்பது

மலாய் மொழியில் கப்பலுக்குக் ‘கபால்’ என்று பெயர். அது தமிழிலிருந்து போன சொல். நேவிக்காக வாதாடுபவர்கள் இதை எழுதுவதே இல்லை.

மசூலாப் படகைக் கட்டுமரம் என்பது

பழைய மதராஸ் ஓவியங்களுக்குக் குறிப்பு எழுதுவோர் கவனிக்க. மசூலா, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த பெரிய படகு. துறைமுகம் இல்லாத காலத்தில் பயணிகளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தது அதுதான். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்.