டேப்லெட்டில் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

"சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுங்க, பேட்டரிய மாத்திப் போட்டுருங்க." பல்லடத்தில் எங்கள் சர்வீஸ் கடைக்கு டேப்லெட்டோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. சார்ஜை எது தின்கிறது என்று பார்க்காமலே பேட்டரி மேல் பழி போடுவதுதான் முதல் தவறு.

செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு செலவழித்தது என்று வரிசையாக இருக்கும். ஐபேடில் நாள்வாரியாகவும் கணக்குப் பார்க்கலாம். திரையில் ஓடாமல் பின்னணியில் ஓடிய ஆப்களைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சோமனூரில் தறி வைத்திருக்கும் ஒரு அண்ணன், காலையில் 100 சதவீதம் இருந்த சார்ஜ் மதியத்துக்குள் 20-க்கு வந்துவிடுகிறது என்று கொண்டுவந்தார். பட்டறை கேமராவைப் பார்க்கும் ஆப் நாள் முழுக்கப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னணி அனுமதியைக் குறைத்துக் கொடுத்தேன். பேட்டரியைத் தொடவே இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை செய்யலாம். இரவு படுக்கும்போது சார்ஜ் அளவைக் குறித்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டு, காலையில் பாருங்கள். மறுநாள் இரவு அந்த மோடு இல்லாமல் வைத்துப் பாருங்கள். முதல் இரவில் 2, 3 சதவீதம் மட்டும் குறைந்து, இரண்டாம் இரவில் 15, 20 குறைந்தால் பேட்டரி மேல் தப்பில்லை. நெட்வொர்க்கும் ஆப்களும்தான் காரணம். இரண்டு இரவும் ஒரே மாதிரி சரிந்தால் அப்புறம் கடைக்கு வாருங்கள்.

நம் பக்கத்தில் பேட்டரியை உண்மையிலேயே கெடுப்பது வெயில். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் 40 டிகிரி தாண்டுவது வழக்கமாகிவிட்டது. தகரக் கூரை போட்ட பட்டறைக்குள்ளோ, நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டிலோ அதைவிட அதிகமாகவே இருக்கும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் சூடு ஏற ஏற வேண்டாத வேதிவினைகள் வேகமாகும். அதில் இழந்த கொள்ளளவு திரும்பி வராது. 35 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. அந்தச் சூட்டில் சார்ஜ் போடுவது இன்னும் மோசம். தடிமனான கவரோடு மெத்தை மேல் வைத்து சார்ஜ் போட்டு, அதிலேயே குழந்தைக்கு கார்ட்டூனும் ஓடவிட்டால் மூன்று பக்கமும் சூடு. கவரைக் கழற்றி, வெறும் தரையிலோ மேசையிலோ வையுங்கள். சூடாகிவிட்டதே என்று ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சிம் போட்ட டேப்லெட் என்றால் இன்னொன்று. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போகும்போது சார்ஜ் மளமளவென்று இறங்கும். சிக்னல் குறைந்த இடத்தில் டவரைத் தேடவும் பிடித்து வைத்துக்கொள்ளவும் அது கூடுதலாக மின்சாரம் செலவழிக்கிறது. ஆனைமலை அடிவாரத் தோப்புகளிலும் சில இடங்களில் இதே கதைதான். சிக்னல் தேவைப்படாத நேரத்தில் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபை இருந்தால் அதை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

"ராத்திரி பூரா போட்டும் ஏறலீங்க" என்பார்கள். கேட்டால், பழைய ஃபோன் சார்ஜரில் போட்டிருப்பார்கள். 7,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் ஏறக்குறைய 27 வாட் மணி மின்சாரம் ஏற வேண்டும்; 5 வாட் சார்ஜரில் சும்மா வைத்தாலே ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் வீடியோ பார்த்தால், ஏறுவது அங்கேயே செலவாகிவிடும். சார்ஜரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டு பேட்டரியைக் குறை சொல்லுங்கள்.

பேட்டரியை முழுக்கக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு அணைத்து வையுங்கள். ஆப்களை நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளி மூடுவதால் மிச்சம் ஒன்றும் இல்லை. திறக்கும்போது மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோடு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குத்தான் உதவும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் பெரும்பாலும் பின்னாலிருந்து விளக்கு எரியும் எல்சிடிதான், அதில் வெளிச்சத்தைக் குறைப்பதே வழி. சாஃப்ட்வேர் அப்டேட் செய்த முதல் ஓரிரு நாள் சார்ஜ் வேகமாகக் குறைந்தால் பொறுத்துப் பாருங்கள், உள்வேலை முடிந்ததும் சரியாகலாம்.

பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் மேலெழும்பியிருந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். துளைபட்டால் தீப்பிடிக்கும். குப்பையிலும் போடக் கூடாது. துணி, காகிதம் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, அன்றைக்கே கடையில் கொடுத்துவிடுங்கள்.