மால்கம் ரிஃப்கிண்டைப் பற்றித் தமிழில் எழுதுவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் காதில் மலையாளமும் ஆங்கிலமும் சேர்ந்தே விழும். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி அமைச்சராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ரிஃப்கிண்டைப் பற்றிப் பள்ளிக் கையெழுத்து இதழுக்கு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், ஆண்டுகளைவிடப் பதவிப் பெயர்களில்தான் அதிகம் தவறு வரும்.

முதலில் ஓர் ஏணி வரைந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் அமைச்சர்கள் மூன்று படி. கீழே 'பார்லிமென்டரி அண்டர் செக்ரட்டரி', நடுவில் 'மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்', மேலே 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்'. செக்ரட்டரி என்றதும் செயலாளர் என்று போட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் வெளியுறவுச் செயலாளர் ஓர் அதிகாரி. அங்கே அவர் கேபினட் அமைச்சர். துணை அமைச்சர், இணை அமைச்சர், கேபினட் அமைச்சர் என்று எழுதினால் குழப்பம் தீரும். ரிஃப்கிண்ட் மூன்று படியும் ஏறியவர்: 1979இல் ஸ்காட்லாந்துத் துறையில் துணை அமைச்சர், 1982இல் அதே நிலையில் வெளியுறவுத் துறை, 1983இல் அங்கேயே இணை அமைச்சர், 1986 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்கான கேபினட் அமைச்சர்.

இந்தக் கடைசிப் பதவிக்குப் பாதிப் பக்கத்தை ஒதுக்குங்கள். ஸ்காட்லாந்துக்கு அப்போது தனி நாடாளுமன்றம் கிடையாது. அது 1999இல்தான் வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, விவசாயம் எல்லாம் ஸ்காட்லாந்துத் துறையின் கையில் இருந்ததால், அவரை முதலமைச்சர் என்று எழுதத் தோன்றும். கேரள முதல்வர் கேரளச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்பவர். ரிஃப்கிண்ட், பிரதமர் தாட்சர் தேர்ந்தெடுத்த லண்டன் அமைச்சரவையின் ஆள். 1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 தொகுதிகளில் அவர் கட்சி வென்றது 10தான். இருந்தும் பதவியில் நீடித்தார். இதைச் சொன்னால்தான் 1989 ஏப்ரலில், இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, ஸ்காட்லாந்தில் ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் தலைவரி வந்தபோது எழுந்த கோபம் வாசிப்பவருக்குப் புரியும். 'போல் டாக்ஸ்' என்பதற்குத் தலைவரி என்ற நம் பழைய சொல்லே போதும், புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்.

வழுக்கும் இன்னொரு இடம் 1976. ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வேண்டும் என்பதில் கட்சித் தலைமையோடு முரண்பட்டுப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது அவர் கட்சி எதிர்க்கட்சி. விட்டது கட்சிப் பேச்சாளர் பொறுப்பு, அமைச்சர் பதவி அல்ல. மலையாளப் பழக்கத்தில் 'ராஜி வைத்தார்' என்றும் எழுதக் கூடாது. தமிழில் ராஜி என்றால் சமரசம்; பொருள் தலைகீழாகிவிடும்.

போக்குவரத்து (1990–92), பாதுகாப்பு (1992–95), வெளியுறவு (1995–97) ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் முடிக்கலாம்.

பிறகு தொகுதி. 1974 முதல் வைத்திருந்த எடின்பரோ பென்ட்லண்ட்ஸை 1997 மே மாதம் இழந்தார். அந்தத் தேர்தலில் ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2001இல் அங்கேயே மறுபடி நின்று தோற்றார். 2005இல் நாடாளுமன்றம் திரும்பியது லண்டனின் கென்சிங்டன்–செல்சியிலிருந்து. '1974–2015, எடின்பரோ உறுப்பினர்' என்று ஒரே வரியில் சேர்த்துவிட்டால், எட்டு ஆண்டு வெளியே இருந்ததும் ஊர் மாறியதும் காணாமல் போய்விடும்.